சவர் பழகிய உடல்

தீவுப்பகுதி மக்கள் சவர்த் தண்ணீருக்குப் பழகியவர்கள் என்னும் கூற்று யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக மறுப்பின்றி உலவி வருகிறது. பட்டணத்தவர் அதை வியப்பாகவும் சிலவேளை இளக்காரமாகவும் சொல்வதுண்டு; குடிநீருக்கான கோரிக்கையைத் தள்ளிவைக்கும் சமாதானமாகவும் அது பயன்படுவதுண்டு; தீவார் தாமே சொல்லும்போது அதில் பெருமிதமும் சலிப்பும் சம அளவில் கலந்திருக்கும். சவர்க் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேநீர் கறுத்து மேலே ஓர் ஏடு படர்வதும், சவர்க்காரம் எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காததும், முழுகிய தலைமுடி திரிதிரியாக ஒட்டிக்கொள்வதும், பருப்பு நெடுநேரம் அவிந்தும் கரையாமல் நிற்பதும், கேத்திலின் உட்புறத்தில் வெண்செதில் படிவதும் அங்கு பேசத்தக்க செய்திகளே அல்ல. இவற்றில் பெரும்பகுதி உப்பின் வேலையன்று, சுண்ணக்கல் நிலத்திலிருந்து கரையும் கல்சியமும் மகனீசியமும் செய்யும் வேலை என்று இரசாயனம் படித்தவர் திருத்துவர். திருத்தம் சரியானதே, ஆனால் நாக்கு அவ்வாறு பிரித்துப் பார்ப்பதில்லை. உறுத்தலாக எஞ்சுவது வேறொரு கேள்வி. பழகிவிட்டது என்று சொல்லும்போது பழகியது எது? நாக்கின் பழக்கம் ஓரளவு ஆராயப்பட்டதொன்று: உப்பைக் குறைத்து உண்பவருக்குச் சில மாதங்களிலேயே பழைய சுவை கரிக்கத் தொடங்குகிறது என்பதை 1980களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின. நாக்கு பழகுவதோடு காரியம் முடிந்துவிடுகிறதா, அல்லது தொண்டைக்குக் கீழே வேறெதுவோ அந்தப் பழக்கத்தின் செலவைத் தாங்கிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் எளிதில் விலகாத ஐயம்.

இந்த ஐயத்தைச் சாட்டியை முன்வைத்து யோசிப்பதில் ஒரு முரண் இருக்கிறது, ஏனெனில் வேலணையின் கடற்கரைக் கிராமமான சாட்டி அறியப்பட்டிருப்பது சவருக்காக அன்று, நல்ல தண்ணீருக்காக. சிந்தாத்திரை மாதா கோயில் நிற்கும் அந்தக் கரையில் கடலாடி வருபவர், உடலில் பொரிந்த உப்பைக் கழுவ அதிக தூரம் போக வேண்டியதில்லை; அலை கேட்கும் தொலைவிலேயே இனிய நீருள்ள கிணறு இருக்கிறது, அந்த நிலத்தடி நீர் பவுசரில் ஏறித் தீவின் வேறு இடங்களுக்கும் போகிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் இனிப்பும், கடலிலிருந்து விலகிய உட்புறக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பும் இருப்பதற்குக் காரணம் மணல். தீவுகளின் அடித்தளமான சுண்ணக்கல் பொந்துகளும் வெடிப்புகளும் நிறைந்தது. மாரி மழையை விரைவாக உள்வாங்கி அதே விரைவில் கடலுக்கு விட்டுவிடும். மணற்பிட்டியோ மழையைப் பிடித்துவைத்து மெதுவாகக் கசியவிடுகிறது. அவ்வாறு இறங்கும் நன்னீர் கீழேயுள்ள கடல்நீரோடு உடனே கலந்துவிடாமல், அடர்த்தி குறைந்ததனால் அதன்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும் இந்தப் படையை நிலநீரியலார் நன்னீர் வில்லை என்பர். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 40இல் ஒரு பங்கு கனமானது என்பதால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை அது கடலை அழுத்திவைக்கும் என்பது கொள்கையளவிலான கணக்கு. டச்சுப் பொறியியலாளர் கைபனும், வடகடல் தீவொன்றின் கிணறுகளை ஆராய்ந்து 1901இல் எழுதிய ஜேர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் இதைத் தனித்தனியே கண்டனர். கணக்கின் மறுபக்கம் அச்சமூட்டுவது: நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால் கீழிருந்து உவர் 40 சாண் ஏறக் காத்திருக்கிறது. அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் கட்டடங்களுக்காக மணலை அள்ளியவர்கள், அள்ளியது மணலை மட்டுமே என்று எண்ணியிருக்கக்கூடும்.

நிலத்தின் அடியில் நிகழும் இந்த எல்லைச் சண்டையின் இன்னொரு வடிவம் உடலின் ஒவ்வொரு கலத்திலும் நிகழ்கிறது. தமிழ்நாட்டில் உயிரணு அல்லது செல் என வழங்கும் கலம், மெல்லிய மென்சவ்வால் சூழப்பட்ட நீர்க்கரைசல். வெளியே உப்பு கூடினால் உள்ளிருக்கும் நீர் சவ்வைக் கடந்து வெளியேறும். நீரின் இந்த நகர்ச்சையைப் பிரசாரணம் என்று இலங்கைப் பாடநூல்கள் அழைக்கின்றன. உப்பிட்ட மாங்காய் ஒரே இரவில் சாடியில் தண்ணீர் விட்டுச் சுருங்குவதும் அதுவே. கலம் சுருங்கினால் உள்ளிருக்கும் புரதங்கள் நெருங்கித் திரள்கின்றன, டிஎன்ஏ இழைகள் முறிகின்றன, முறிவு சீராகாவிடின் கலம் மடிகிறது. இதை உணர்ந்து எதிர்வினையாற்றும் புரதமொன்று மனிதருக்கு உண்டு. அதை ஆக்கும் மரபணு 16ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட கையில் இருக்கிறது. அதன் பெயர் என்எப்ஏரி5. 1999இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இரண்டு வெவ்வேறு வழிகளில் இதனிடம் வந்து சேர்ந்தன. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹியுக் மூ குவொன் குழுவினர் சிறுநீரகக் கலங்கள் உப்பை எவ்வாறு தாங்குகின்றன என்று தேடிப்போய் அதைக் கண்டு ரொன்ஈபிபி என்று பெயரிட்டனர். இந்தியாவில் பிறந்து ஹாவார்டில் பணியாற்றிய அஞ்சனா ராவின் குழுவினரோ நோயெதிர்ப்புக் கலங்களை இயக்கும் புரதக் குடும்பமொன்றின் தவறிய உறுப்பினரைத் தேடிப்போய் அதே புரதத்தை அடைந்தனர். உப்பைத் தாங்குவதும் நோயைத் தாங்குவதும் ஒரே வாசலில் வந்து நின்றது தற்செயலா என்ற கேள்விக்கு விடை பத்தாண்டுகள் கழித்தே துலங்கத் தொடங்கியது.

சுமார் 1,500 அமினோ அமிலங்களாலான இந்தப் புரதம் வெளிப்புற உப்பு உயரும்போது கலத்தின் கருவுக்குள், அதாவது டிஎன்ஏ சுருண்டிருக்கும் அறைக்குள், திரள்கிறது. டிஎன்ஏயின் எழுத்துகளில் ரி-ஜி-ஜி-ஏ-ஏ-ஏ என்று தொடங்கும் ஒரு சிறு கோவையை அது அடையாளம் கண்டு பற்றுகிறது, பற்றிய இடத்துக்கு அருகிலுள்ள மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன. பற்றும் விதம் விசித்திரமானது என்பது 2002இல் அதன் முப்பரிமாண அமைப்பு வெளியானபோது தெரிந்தது: இரண்டு என்எப்ஏரி5 மூலக்கூறுகள் இணைந்து டிஎன்ஏயை முழு வளையமாகச் சூழ்ந்துகொள்கின்றன. டிஎன்ஏயைத் தொடும் புரதங்கள் எத்தனையோ உண்டு. இவ்வாறு முற்றாகச் சுற்றி வளைத்து நிற்பவை அரிது. இதன் உறவுப் புரதங்களான மற்றை நான்கும் கல்சியத்தின் சைகைக்குக் கட்டுப்பட்டவை, இதுவோ கட்டுப்படாதது. ஈக்களிலும் இதற்கு ஒத்த புரதம் இருப்பதால் குடும்பத்தின் மூத்தது இதுவே என்று கருதப்படுகிறது. உப்பிலிருந்து தப்புவது முதுகெலும்பை விடவும் பழைய கவலை என்று இதிலிருந்து கொள்ளலாம்.

மனித உடலில் இந்தப் புரதம் ஓயாமல் உழைக்கும் இடம் சிறுநீரகத்தின் உட்பகுதியான மையவிழையம். குருதியின் கரைபொருட் செறிவு ஏறத்தாழ 290 மில்லிஒஸ்மோல் என்ற அளவில் விடாப்பிடியாகக் காக்கப்படுகிறது; கடல்நீரினது 1,000 அளவில் இருக்கும்; தாகமுற்ற ஒருவரின் மையவிழையத்தின் ஆழத்தில் அது 1,200 வரை உயரும். கடலைவிடச் செறிந்த ஒரு திரவத்திலும் உடலின் சில கலங்கள் குடியிருக்கின்றன என்பது மறக்கத்தகாத செய்தி. (அப்படியாயின் கடல்நீரைக் குடிக்கலாமே என்று தோன்றும்; ஆனால் அந்தச் செறிவில் பாதியளவு யூரியா, உப்பை மட்டும் கடல்நீரின் செறிவுக்கு வெளியேற்ற மனிதச் சிறுநீரகத்தால் இயலாது.) அந்தச் சூழலில் கலங்கள் சுருங்காமல் நிற்க வழி, வெளியே உள்ள உப்புக்கு ஈடாக உள்ளேயும் கரைபொருளைச் சேர்ப்பது; ஆனால் உப்பையே சேர்த்தால் புரதங்கள் கெடும். ஆகவே புரதங்களைக் குலைக்காத சிறு மூலக்கூறுகளைக் கலம் சேர்க்கிறது: குளுக்கோசிலிருந்து சோபிற்றோலை ஆக்குகிறது, பீற்றேன், இனோசிற்றோல், டோரின் ஆகியவற்றை வெளியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. இவற்றை ஆக்கும் நொதியத்துக்கும் இழுக்கும் காவிகளுக்கும் உரிய மரபணுக்களைத் தூண்டுவதே என்எப்ஏரி5இன் தலையாய பணி. இதே பீற்றேனைத்தான் தீவுக் கரைகளின் உவர்நிலத்தில் சிவந்து படரும் உமரியும், களப்போரக் கண்டல் வகைகளில் சிலவும் தம் இலைக் கலங்களில் சேர்த்து நிற்கின்றன. சுறா வேறொரு திறமையைக் காட்டுகிறது. அது யூரியாவை உடலில் தேக்கிக் கடலின் செறிவுக்கு ஈடுகொடுத்து, யூரியாவின் தீங்கை முறிக்கப் பீற்றேனுக்கு உறவான இன்னொரு பொருளையும் சேர்த்துவைக்கிறது. சுறா வறைக்கு வாங்கிய மீன் சற்றே பழசானால் மூக்கில் ஏறும் காரநெடி, அந்த யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக உடைப்பதன் விளைவு. செடிக்கும் மீனுக்கும் மனிதச் சிறுநீரகத்துக்கும் பொதுவான இந்தச் சிக்கனத்தை யான்சி, சொமேரோ முதலியோர் 1982இலேயே விரிவாக எழுதினர். மரபணு பிடிபட மேலும் 17 ஆண்டுகள் சென்றன.

இவ்வளவும் அறிந்தபின், தீவாரின் பழக்கத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது என்று மகிழத் தோன்றும்: சவர்த் தண்ணீர் குடிப்பவரின் கலங்களில் என்எப்ஏரி5 கருவுக்குள் புகுந்து காவல் காக்கிறது, உடல் பழகிவிடுகிறது. இந்த விளக்கம் அழகானது, ஆனால் நிற்காது. குருதியில் உள்ள உப்பு, லீற்றருக்கு 9 கிராம் சமையலுப்புக்கு ஒப்பானது. நாக்கு முகம் சுளிக்கும் சவர்க் கிணற்றிலும் அதில் சிறு பங்குதான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் தண்ணீரில் உப்புச்சுவை தட்டும் எல்லையாகக் கொள்வது லீற்றருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் சோடியம். எந்தச் சவர்த் தண்ணீரும் குருதியைவிட நீர்த்ததே என்பதால், அதைக் குடித்த மாத்திரத்தில் எந்தக் கலமும் சுருங்கப்போவதில்லை. கரு விழித்தெழக் காரணமும் இல்லை. இன்னொரு தடையும் உண்டு. இந்தப் புரதத்துக்கு நீண்ட நினைவில்லை. வெளியே உப்பு குறைந்தால் அது கருவிலிருந்து பின்வாங்குகிறது, சேர்த்துவைத்த கரைபொருட்கள் வடிந்துவிடுகின்றன. 1990, 1991ஆம் ஆண்டுகளில் போர் தீவுகளை வெறுமையாக்கியபின் அங்கிருந்து போனவர்கள் கனடாவின் ஸ்காபரோவில் ஒன்ராறியோ ஏரியின் நீரைக் குடிக்கத் தொடங்கியபோது, அவர்களின் சிறுநீரகங்கள் ஊர்க் கிணற்றின் எந்தச் சுவடையும் வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஊர்த் தண்ணீரின் ஏக்கம் எங்கு தங்குகிறதோ அங்கு இந்த மரபணுவுக்கு அலுவல் இல்லை. அதற்கும் மேலாக, நல்லூரில் பிறந்தவருக்கும் நெடுந்தீவில் பிறந்தவருக்கும் இது ஒன்றே. சில தலைமுறைச் சவர்த் தண்ணீர் தீவாருக்கெனத் தனியொரு சிறுநீரகத்தைச் செதுக்கித் தந்துவிடாது. தீவான் உடம்பு வேறு என்னும் பேச்சு, அதன் பின்னால் உள்ள பழைய ஏளனத்தோடு சேர்த்தே கைவிடத்தக்கது.

ஆயின் கேள்வி வேறு வழியில் திரும்பி வருகிறது. சுவைக்காத தண்ணீரை எவரும் நிறையக் குடிப்பதில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில், பங்குக் கிணறு வற்றி, பவுசர் வரும் நாளுக்காகக் குடங்கள் வரிசையில் காத்திருக்கையில், குடிக்கும் தண்ணீரை அளந்து குடிப்பது ஒழுக்கமாகவே ஆகிவிடுகிறது. தண்ணீர் சுமக்கும் பெண்கள் அதை மற்றவரைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பர். எஞ்சிய தாகத்தைச் சீனி கூட்டிய தேநீரும் சோடாவும் தணிக்கின்றன, ஏனெனில் சீனி சவரை மறைக்கும். ஆகப் பழகியது சவருக்கு அன்று, தாகத்துக்கு என்று கருத இடமுண்டு. குறைவாகக் குடிப்பவரின் உடல் நீரை விடாமல் பிடிக்கிறது, மையவிழையத்தின் செறிவு ஏறுகிறது, அங்கே என்எப்ஏரி5 உண்மையாகவே வேலைக்கு அழைக்கப்படுகிறது. கிணற்றின் உப்பு நேராகச் செய்யாததை, அந்த உப்பினால் குடிக்காமல் விடப்பட்ட தண்ணீர் செய்கிறது. செறிந்த சிறுநீரில் கல் உருவாவது எளிது என்பது எந்த மருத்துவரும் சொல்லக்கூடியது. அதைவிட மெல்லிய சேதமொன்றும் பேசப்படுகிறது.

அந்தச் சேதத்தின் கதையில் காவலே குற்றவாளியாகும் திருப்பம் உண்டு. 2004இல் என்எப்ஏரி5 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் பெரும்பாலானவை பிறக்குமுன்னரே இறந்தன, தப்பியவற்றின் மையவிழையம் சூம்பிக் கிடந்தது. இப்புரதம் இல்லாமல் சிறுநீரகம் இல்லை என்பது அத்துடன் உறுதியாயிற்று. ஆனால் அது தூண்டும் நொதியம் ஆக்கும் சோபிற்றோல், சிறுநீரகத்துக்குள் மேலும் மாற்றமடைந்து பிரக்ரோசு என்னும் பழச்சீனியாகக்கூடும். அதை எரிக்கும் வழியில் கலத்தின் ஆற்றல் தீர்ந்து அழற்சி பிறக்கும். 2014இல் கொலராடோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எலிகளை வெப்பத்தில் மீண்டும் மீண்டும் நீரிழக்கச் செய்தபோது சிறுநீரகங்கள் பழுதடைந்தன. பிரக்ரோசை எரிக்கும் நொதியம் இல்லாத எலிகள் தப்பின. மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடம் காணப்படும் சிறுநீரக நோய்க்கு விளக்கமாக முன்வைக்கப்பட்ட இந்தக் கருதுகோள், இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயிகளை வீழ்த்திவரும், காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோயோடும் சேர்த்துப் பேசப்படுகிறது. அங்கே புளோரைட்டு, நீரின் வன்மை, விவசாய இரசாயனங்கள் என்று வேறு சந்தேக நபர்களும் வரிசையில் நிற்கின்றனர், எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை வழுக்கலானது. ஆகவே இதைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆயினும் ஒரு தகைமைப்பாடு எந்த அளவில் காப்பு, எந்த அளவுக்குமேல் தேய்மானம் என்ற ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான உருவம் கிடைப்பது அரிது. இதே சோபிற்றோல்தான் நீரிழிவில் கண்வில்லைக்குள் தேங்கிப் புரைக்கு வழிசெய்வதாகவும் நெடுங்காலமாகக் கருதப்படுகிறது.

நோயெதிர்ப்பும் உப்பும் ஒரே வாசலில் நின்றதன் பொருள் தோலில் தெரியவந்தது. மிகை உப்பு உண்ட எலிகளின் தோலிழையத்தில் சோடியம் சேர்வதையும், பெருந்தின்கலங்கள் எனப்படும் நோயெதிர்ப்புக் கலங்கள் இந்தப் புரதத்தின் மூலம் அதை உணர்ந்து புதிய நிணநீர்க் குழாய்களை வளர்க்கச் சைகை கொடுப்பதையும், அந்த வழி அடைபட்டால் குருதியமுக்கம் உயர்வதையும் 2009இல் ஜேர்மனியின் யென்ஸ் ரிற்சே குழுவினர் காட்டினர். அப்படியானால் உவர்நீர் குடிப்போரின் குருதியமுக்கம் என்னவாகும்? வங்காளதேசத்தின் டாக்கோப் பகுதியில் உவர்நீர் குடித்த கர்ப்பிணிகளிடம் உயர் குருதியமுக்கம் கூடுதலாக இருந்ததென 2011இலும் 2014இலும் வந்த ஆய்வுகள் கூறின. அதே நாட்டின் தென்மேற்குக் கரையோரத்தைப் பற்றி 2019இல் வந்த இன்னோர் ஆய்வோ, மிதமான உவர்நீர் குடித்தவர்களின் குருதியமுக்கம் சற்றுக் குறைவாக இருந்ததாகவும், நீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் அதற்குக் காரணமாகலாம் என்றும் கூறியது. கேத்திலில் செதிலாகப் படிந்து வீட்டாரைச் சலிக்கவைக்கும் அதே கனிமங்கள் உப்பின் தீங்கை ஓரளவு ஈடுசெய்யக்கூடும் என்பது இங்கு எதிர்பாராத ஒரு கணக்கு. ஈடுசெய்தாலும் எல்லை உண்டு: லீற்றருக்கு 500 மில்லிகிராம் சோடியமுள்ள நீரை நாளுக்கு 3 லீற்றர் குடிப்பவர், சோற்றில் உப்பிடுமுன்னரே 1.5 கிராம் சோடியத்தை உட்கொண்டுவிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் அனுமதிப்பது 2 கிராமுக்கும் குறைவு. ஆகவே சவர்த் தண்ணீர் குடிப்பவரிடம் நிறையக் குடிக்கச் சொல்வதிலும் சிக்கல், குறையக் குடிப்பதிலும் சிக்கல். அறிவுரையால் தீராத இடம் இது; தண்ணீரால்தான் தீரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரும் வகையில் கட்டப்பட்டது. பிரசாரணத்துக்கு எதிராக அமுக்கம் கொடுத்து உப்பைப் பிரிப்பது அதன் முறை. அதற்குரிய மின்சாரத்தின் விலையை எவரும் கணக்கெடுக்கத் தவறுவதில்லை. உடலுக்குள் அதே எதிர்ப்பைச் செய்யும் மையவிழையக் கலங்களின் செலவு மட்டும் பழக்கம் என்ற பெயரில் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறது. அதைக் கணக்குக்குள் கொண்டுவரப் பெரிய கருவிகள் தேவையில்லை. தீவுப்பகுதி வைத்தியசாலைகளில் நோயாளர் கொண்டுவரும் கிளினிக் கொப்பியில் சீனியும் பிறசரும் எழுதப்படும் பக்கத்திலேயே, அவர் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார், நாளுக்கு எத்தனை குவளை குடிக்கிறார் என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதலாம்; பிரதேச சபை ஆண்டுக்கு இருமுறை, மாரி முடிந்ததும் கோடை முற்றியதும், ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றின் உப்பையும் அளந்து ஊரறிய ஒட்டலாம். 1978இலிருந்து இயங்கும் யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கு இந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எட்டாத வேலையன்று. அதுவரை, தீவார் சவருக்குப் பழகியவர்கள் என்று எந்தக் கோப்பிலும் எவரும் எழுதாதிருப்பதே நேர்மை.